முப்பது வந்தால் எதை விடுவீர்கள்? டிஆர்டிஓ (பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பு) பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

2025 சுதந்திர தின உரையில் பிரதமர், வான்வழித் தாக்குதலிலிருந்து நாட்டைக் காக்கும் சுதர்சன சக்கரத் திட்டத்தை அறிவித்தார். அதே மாதம் 23ஆம் தேதி ஒடிசா கடற்கரையில் ஒரே நேரத்தில் வந்த மூன்று இலக்குகளையும் வீழ்த்திக் காட்டினீர்கள். பாராட்டுகள். சரி, முப்பது வந்தால்? அதில் பாதி போலியாக இருந்தால்?

உங்களுக்குத் தெரிந்த கணக்குதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 300 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு ரேடார் துடிப்பு போய்த் திரும்ப 2 மில்லிநொடி ஆகும். துடிப்புக்கு ஒரு பார்வை என்றே வைத்தாலும் நொடிக்கு 500 பார்வைதான். ஓர் இலக்கை நொடிக்குப் பத்து முறை பார்த்தால், ஐம்பது இலக்கிலேயே அந்த நொடி தீர்ந்துவிடும். புதிதாக வருவதைத் தேடவும் நம் ஏவுகணைக்கு வழி சொல்லவும் நேரம் மிஞ்சாது. அப்போது எதை விடுவது என்பதை மென்பொருள் முடிவு செய்யும். அந்த விதியை எழுதுவது யார், அதைச் சரிபார்ப்பது யார்?

1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தஹ்ரான். அங்கிருந்த பேட்ரியாட் என்ற அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, ஈராக்கின் ஸ்கட் ஏவுகணையை ஒருமுறை கண்டதும், வானம் முழுவதையும் அலசாமல், அது அடுத்து எங்கே இருக்கும் என்று கணித்து அந்தச் சிறு பகுதியை மட்டும் பார்க்கும். அதன் கடிகாரம் நேரத்தை நொடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணியது; இரும எண்ணில் முழுதாக எழுத முடியாத அந்தப் பங்கை 24 பிட்டில் வெட்டி வைத்திருந்ததால் சிறு பிழை சேர்ந்துகொண்டே போனது. நூறு மணி நேரத்துக்கு மேல் அணைக்காமல் ஓடியதில் பிழை நொடியில் மூன்றில் ஒரு பங்காக வளர்ந்தது. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் போய்விடும். ரேடார் தவறான இடத்தைப் பார்த்தது, ஒன்றும் இல்லை என்று முடிவு செய்தது. அங்கிருந்து ஒரு தடுப்பு ஏவுகணைகூடக் கிளம்பவில்லை. 28 வீரர்கள் இறந்தார்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது பிழையைப் பார்த்து அல்ல. அதே பேட்ரியாட்டை வைத்திருந்த இஸ்ரேலியர்கள் இரண்டு வாரம் முன்பே இதைச் சொல்லிவிட்டார்கள். படைகளுக்குப் போன எச்சரிக்கையிலோ 'மிக நீண்ட நேரம்' ஓடினால் சிக்கல் என்று மட்டும் இருந்தது. எத்தனை மணி நேரம் என்று இல்லை! ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தாலே போதும். திருத்திய மென்பொருள் தாக்குதலுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது.

ரகசியத்தை ஊருக்குச் சொல்லச் சொல்லவில்லை. படையிடம் ஒப்படைக்கும் முன், பல நாள் தொடர்ந்து ஓடிக் களைத்த கருவிமேல் போலி இலக்குகளைக் கொட்டிச் சோதியுங்கள். முடிவை நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவிடம் மூடிய அறையிலாவது வையுங்கள். எந்த இலக்கைக் கைவிட்டோம் என்பது இயக்குபவரின் திரையில் அந்த நொடியே தெரியட்டும். அப்புறம், கையேட்டில் 'அதிக இலக்குகள்', 'நீண்ட நேரம்' என்று எழுதாதீர்கள். எண்ணைப் போடுங்கள்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு மென்பொருள்காரன்