வெள்ளம் வடிஞ்ச பிறகு பெற்றோருக்கு எழுதுறது

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

ஸ்கூல் திறந்த அன்னைக்கு ஆறாம் கிளாஸ் ரூம்ல பெஞ்சு மேல எல்லாம் நனைஞ்ச நோட்டை விரிச்சு வச்சு ஃபேனைப் போட்டு விட்டிருந்தோம், இங்க் ஊறி பக்கத்தோட பக்கம் நீலமா ஒட்டிக் கெடந்துச்சு. ஒரு பையன் தன் கணக்கு நோட்டைக் கிழியாம ஒவ்வொரு தாளா பிரிச்சுக்கிட்டே, "மிஸ், நாங்க தினமும் சாமி கும்பிடுறோமே, அப்புறம் ஏன் எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு"ன்னு கேட்டான். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள பக்கத்துல இருந்த பிள்ளை "ஏதோ பாவம் பண்ணியிருப்பாங்கன்னு எங்க ஆயா சொல்லுச்சு"ன்னுருச்சு. அவன் அதுக்கு மேல பேசவே இல்ல, தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

அதனாலதான் இந்த லெட்டர். தயவுசெஞ்சு பிள்ளைங்க காதுல அந்த வார்த்தை விழ வேணாம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு, மேக்க மழை கொட்டி சாத்தனூர் டேம் தண்ணியைத் தொறந்து விட தென்பெண்ணை பொங்கி வந்துச்சு, பள்ளத்துல இருந்த வீட்டுக்குள்ள தண்ணி போச்சு. இதுல அந்தப் பையனோட அப்பா அம்மா செஞ்ச பாவம் எங்க இருக்கு?

நம்ம பண்ருட்டி பக்கத்துப் பிள்ளைங்களுக்கு இதுக்குப் பதில் சொல்ல வெளியூர் கதை தேவையில்ல, திருவதிகைக் கோயில் இருக்கு. தேவாரம் பாடின அப்பர் கதை எல்லாருக்கும் தெரியும்தான், ஆனா நாம அவரை மட்டுமே பேசுறோம், அவரோட அக்கா திலகவதியாரை விட்டுடுறோம். அப்பா போயிட்டார், கூடவே அம்மாவும் போயிட்டாங்க, கல்யாணம் பேசி வச்சிருந்த கலிப்பகையார் போர்ல செத்துட்டார், நானும் போயிடுறேன்னு நின்னவங்க தம்பி அழுத ஒரே காரணத்துக்காக உயிரோட இருந்தாங்க. அந்தத் தம்பியும் பிறகு சமண மடத்துக்குப் போயிட்டாரு. அந்தம்மா யார்கிட்டயும் குறை சொல்லல, திருவதிகைக் கோயில்ல தினமும் கூட்டி மெழுகிக்கிட்டு தம்பிக்காக வேண்டிக்கிட்டே இருந்தாங்க.

சூலை நோய் வந்து வயித்துக்குள்ள குடலை முறுக்கினப்ப தம்பி ராத்திரியோட ராத்திரியா வந்து அக்கா கால்ல விழுந்தார். 'நான் அப்பவே சொன்னேனே'ன்னு அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லல, திருநீறு கொடுத்தாங்க, விடியக்காலம் விளக்குமாறும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கிட்டு வழக்கம்போல கோயிலுக்குக் கிளம்பும்போது அவரையும் கூட்டிட்டுப் போனாங்க. பெரியபுராணம் என்ன சொல்லுதுன்னா, அந்தச் சூலையைக் கொடுத்தே ஆட்கொள்வேன்னு சிவபெருமான் திலகவதியார் கனவுல முன்னாடியே சொல்லியிருந்தாராம். வலியே அருள் வந்த வழியா இருந்துச்சுன்னு நம்ம பெரியவங்க நம்பினாங்க, நானும் நம்புறேன். ஆனா இதை அவரவர் தன் வலியைப் பத்தித்தான் சொல்லிக்கணும்ங்க, அடுத்த வீட்டுக்காரன் சேத்துல நிக்கும்போது அவன்கிட்ட போய் 'இது அருள்'னு சொன்னா அது ஈவிரக்கமில்லாத பேச்சு, அவனுக்கு அந்த நேரம் வேண்டியது சோறும் பாயும்தான்.

அப்பரும் அப்படித்தான் நடந்துக்கிட்டார். திருவீழிமிழலையில பஞ்சம் வந்தப்ப அவருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஆளுக்கொரு படிக்காசு கோயில்ல கிடைச்சுது, அதை வச்சு அடியாருங்களுக்கு சோறு போட்டாங்க. அப்பர் காசு கடையில முழு விலைக்குப் போச்சு, சம்பந்தர் காசுக்கு மட்டும் வட்டம் பிடிச்சாங்களாம், அதாவது மதிப்பைக் கொறச்சுத்தான் எடுத்துக்கிட்டாங்களாம், ஏன்னா அப்பர் கோயில்ல புல் செதுக்குற உழவாரத்தைப் பிடிச்சுக் கையால தொண்டு செஞ்சவர்னு காரணம் சொல்லுவாங்க. வயித்து வலி என்னன்னு தெரிஞ்சவர் வயித்துப் பசிக்கு நின்னார், எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்னைக்கு அடிச்சப்ப நான் இங்க சாதாரண டீச்சர். முந்திரிக் கொல்லையும் பலாத் தோப்பும் வேரோட சாஞ்சு கெடந்ததை நீங்களும் பார்த்தீங்க, அதை நட்டு வளர்த்தவங்க மரத்தைக் கட்டிப் பிடிச்சு அழுததையும் பார்த்தீங்க. அன்னைக்குத் தோப்பு போன ஒரு அப்பா இந்தத் தடவை யாரும் கேக்காமலே நம்ம ஸ்கூலுக்கு ரெண்டு மூட்டை அரிசி இறக்கிட்டு, பேரை எழுத வேணாம்னுட்டுப் போயிட்டார். அந்தப் பையனுக்கு நான் வாயால பதில் சொல்லல, மூட்டையை இறக்க அவனையும் கூப்பிட்டுக்கிட்டேன்.

டிசம்பர் 22 ஞாயித்துக்கிழமை காலையில 6 மணிக்கு திருவதிகைக் கோயில்ல உழவாரப் பணி, விருப்பமுள்ள பிள்ளைங்க ஆளுக்கொரு விளக்குமாறோட வரட்டும், நீங்களும் வாங்க. மத்த மதத்துப் பிள்ளைங்களுக்குக் கட்டாயம் எதுவும் இல்ல, பத்து மணிக்கு மேல எல்லாரும் சேர்ந்து தண்ணி புகுந்த தெருவுல வீடு கழுவப் போறோம், அதுக்கு வரலாம். பழைய நோட்டு காப்பி எடுக்கத் தந்து உதவுற பிள்ளைங்க கிளாஸ் டீச்சர்கிட்ட குடுங்க. பீஸ் கட்ட முடியாதவங்க கூச்சப்படாம சாயங்காலம் நாலு மணிக்கு மேல என் ரூமுக்கு வாங்க, தனியா பேசிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் தலைமையாசிரியை