வாசல் கான்கிரீட்டை உடைப்பதற்கு முன்…

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறினாலே எங்கள் காலடிப்பேட்டைத் தெருக்களில் ஒரு வேலை களைகட்டிவிடும். கார் ஏற்றுவதற்காக வாசலில் போட்ட கான்கிரீட்டின் விரிசல்களில் சிமென்ட் பாலை ஊற்றிப் பூசுவார்கள். அடுத்த மழைக்குள் அது பெயர்ந்துவிடும். 'மண்ணு சரியில்ல சார், மொத்தமா உடைச்சுப் போட்டாதான் நிக்கும்' என்று மேஸ்திரி சொல்வதை நம்பி நல்ல தளத்தையே உடைத்தவர்களும் உண்டு. கட்டட வேலைகளில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கான்கிரீட் காயும்போது சுருங்கத்தான் செய்யும். அதனால் வரும் விரிசல் எங்கே விழ வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம், அவ்வளவுதான். நாலு அங்குலத் தளம் என்றால் எட்டிலிருந்து பத்தடிக்கு ஒரு கோடு, ஓர் அங்குல ஆழத்துக்கு, மறுநாளே கட்டர் மெஷினால் வெட்டிவிட வேண்டும். விரிசல் அந்தக் கோட்டுக்குள்ளேயே விழுந்து கண்ணில் படாமல் போகும். ஆனால் இதைச் சொன்னால், 'புதுத் தளத்தை வெட்டச் சொல்றீங்களே' என்று வீட்டுக்காரரே கோபித்துக்கொள்கிறார்!

அப்புறம் தண்ணீர். கலவை இறுகினால் ஒரு பக்கெட் கூடுதலாகச் சேர்ப்பார்கள். கடைசியில் மேலே சிமென்ட் பொடி தூவி வழவழவென்று தேய்ப்பார்கள். அந்தப் பளபளப்புதான் கொஞ்ச நாளில் மீன்வலை மாதிரி மெல்லிய கோடுகளாக வெடிக்கிறது. ஊற்ற வேண்டிய நேரத்திலோ ஊற்றுவதில்லை. சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாளும், இப்போது பரவலாக விற்கும் சாம்பல் கலந்த பி.பி.சி. வகைக்கு 10 நாளும் தளம் ஈரமாகவே இருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 456. நம் ஊர் வெயிலுக்கு இன்னும் நாலு நாள் சேர்த்துக்கொள்ளலாம். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், இல்லையென்றால் ஈரச் சாக்கு போடுங்கள். கம்பி கட்டிய தளத்துக்கு உப்பேறிய போர் தண்ணீர் வேண்டாம், கம்பி துருப்பிடிக்கும்.

ஏற்கெனவே விழுந்த விரிசல் மயிரிழை அளவு என்றால் விட்டுவிடலாம். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தால்தான் அடியில் கோளாறு. ரப்பீஸை, அதாவது இடிபாட்டுக் கழிவை, கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது குழாய் கசியும், வேப்பமர வேர் தூக்கும். வியாசர்பாடி, பெரம்பூர் பக்கக் களிமண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்குவதும் உண்டு. சந்தேகம் இருந்தால் விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, ஐப்பசி மழை தாண்டும்வரை பாருங்கள். வளர்கிற விரிசலைச் சிமென்ட் பிடித்து வைக்காது. காரணத்தைச் சரிசெய்த பிறகு, தூசியை ஊதி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, இழுத்தால் இழுபடும் பாலியூரித்தேன் சீலன்ட் பசையை அடைக்க வேண்டும். துருக்கறை கசிந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

புதிதாகப் போடுகிறவர்கள் மேஸ்திரியிடம் கூலி பேசும்போதே கட்டர் வாடகையையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். பாக்கிப் பணம் தளத்தை ஈரமாக வைக்கும் நாட்கள் முடிந்த பிறகுதான் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்.