கண்மாய்க் கரைக்கும் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை என்றால் அரியமான் கடற்கரையில் நல்ல கூட்டம். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு சவாரி. எல்லாம் சரிதான். ராமநாதபுரத்தை ஒட்டியே கிடக்கும் சக்கரக்கோட்டை கண்மாயை எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறோம்? உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2025-ல் சேர்ந்த பறவைகள் சரணாலயம் அது. மழைக்குப் பின் கண்மாய் பெருகினால், அலகில் குச்சியோடு வரும் நாரை கருவேலங்கிளையில் இறங்கத் தடுமாறுவதைப் பார்க்கக் காசு வேண்டாம்.

கரையில் நாலு பெஞ்சு, ஒரு கழிப்பறை, குடிதண்ணீர் இருந்தால் போதும். மோட்டார் படகு மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தச் சத்தத்துக்குப் பறவை தங்காது. செல்ஃபிக்காகக் கைதட்டிப் பறவைகளைக் கிளப்பும் இளவட்டங்களையும் வனத்துறை கொஞ்சம் கண்டிக்கட்டும்.

ஒரு வாசகர்,
ராமநாதபுரம்