பக்கத்து மாவட்டப் பிள்ளைகளும் காலியிடக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பக்கத்து மாவட்ட மாணவர்களை அரசு உயர்நிலைப் பள்ளி தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் மொத்தக் காலியிடத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வகுப்புவாரியாக எண்ண வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் 30 பேர் அமரும் நான்கு பிரிவுகளில் தலா 27 பேர் இருந்தால், 12 பேர் வரை கூடுதல் செலவு அதிகமில்லை. பதின்மூன்றாவது ஆள் வந்தால் ஐந்தாவது பிரிவு தொடங்க வேண்டும்: புது அறை, புது ஆசிரியர், கால அட்டவணையும் மாறும். பள்ளிக்கு மாணவர் எண்ணிக்கைப்படி நிதி வந்தாலும், ஒரு மாணவருக்கு வரும் நிதி ஓர் ஆசிரியர் சம்பளத்துக்கு எப்படிப் போதும்? ஆண்டின் நடுவில் குடிவரும் உள்ளூர்க் குடும்பங்களுக்காகப் பிரிவுக்கு ஓரிடம் ஒதுக்கினால், அந்த 12 இடமும் 8 ஆகிவிடும். ஆய்வகம் இன்னும் நெருக்கடி. 24 பேருக்கான மேசைகளில் 28 பேரை நிறுத்தினால், நான்கு பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

விண்ணப்பம் மிஞ்சினால் குலுக்கல்தான் நியாயம். மதிப்பெண் பார்த்துப் பொறுக்கினால், பக்கத்துப் பள்ளி நன்றாகப் படிப்பவர்களையும் நிதியையும் சேர்த்தே இழக்கும். சேர்த்தவரை இறுதி வகுப்புவரை வைத்திருக்கவும் வேண்டும்; ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்வது அலைக்கழிப்பு.

பள்ளிப் பேருந்து மாவட்ட எல்லையோடு நின்றுவிட்டால், வீட்டில் வண்டி உள்ள பிள்ளைகள் மட்டுமே வருவார்கள். எல்லையில் ஒரு நிறுத்தமாவது குறித்துவிட்டு விண்ணப்பம் வாங்குங்கள்.

இப்படிக்கு,
பள்ளிச் சேர்க்கைப் பணியில் உள்ளோர்