காயாத உப்பு

டிரொண்ட்ஹெய்ம், நார்வே
டிசம்பர் 8

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நலம். இங்கே இப்போது காலை 10 மணி வரை சூரியனைக் காணோம். பிற்பகல் இரண்டரைக்கே பொழுது அடைந்துவிடுகிறது. தூத்துக்குடியில் மழைக்கு உப்பளம் ஓய்ந்திருக்கும், அப்பா வீட்டில்தான் இருப்பீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"அப்படி என்னதாம்மா வேலை பாக்குற?" என்று போனில் கேட்டீர்களே. புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கும் வேலை. நிலக்கரி அனல்மின் நிலையப் புகையில் அது 100-க்கு 12, 15 பங்குதான். மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன். இந்த ஊர்க்காரர்களுக்கு இது பழகிய சங்கதி. வட கடலில் ஸ்லைப்னர் என்ற இடத்தில் எரிவாயுவோடு வரும் கரியமில வாயுவை, அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசலால் பிரித்து, 1996 முதல் கடலடிப் பாறைக்குள்ளேயே செலுத்துகிறார்கள். ஆனால் அமீன் பிடித்து வைத்த வாயுவை விடுவிக்க, கரைசலை 100 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். அந்த எரிபொருள் செலவைக் குறைக்கத்தான் நாங்கள் பாடுபடுகிறோம்.

என்னிடம் இருப்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தாள். கண்ணுக்குத் தெரியாத துளைகள். அதில் ஒரு திரவத்தைச் சொட்டினால், வடை மடித்த பேப்பர் மாதிரி அந்த இடம் மட்டும் பளிங்காகிவிடும். துளைக்குள் திரவம் ஏறிவிட்டது என்று அர்த்தம். ஒரு பக்கம் வாயுக் கலவையை விட்டால், கரியமில வாயு திரவத்தில் கரைந்து மறுபக்கம் வெளியே வரும். நைட்ரஜன் அவ்வளவாகக் கரையாது, இந்தப் பக்கமே தங்கிவிடும்.

அந்தத் திரவம் என்ன தெரியுமா அப்பா? உப்பு! தண்ணீரில் கரைத்தது இல்லை, அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்பு. அயனித் திரவம் என்பார்கள். நல்லெண்ணெய் போலக் கொழகொழவென்று இருக்கும். துளைகளில் தண்ணீரை நிரப்பினால் நம் உப்பளப் பாத்தி மாதிரி வற்றிவிடும், இது வற்றாது. முதல் தடவை பார்த்தபோது உங்களிடம் காட்ட வேண்டும் போலிருந்தது.

போன மாதம் சீக்கிரம் பிரியட்டுமே என்று அழுத்தத்தைக் கூட்டினேன். திரவம் துளையை விட்டுப் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. நைட்ரஜனும் கூடவே ஓடியது. மூன்று வார வேலை போச்சு. தப்பு என்னுடையதுதான்.

அப்புறம் அம்மா, மீனுக்கு இங்கே குறைவில்லை, குழம்புப் பொடிதான் தீர்ந்துவிட்டது. ஜனவரியில் யாராவது வந்தால் கருப்பட்டியும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் மகள்