பழைய கம்ப்யூட்டரும் புது லேப்டாப்பும்

அன்புள்ள சேகர்,

அம்மாவுக்கு முட்டி வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். மழை முதுநகர் பக்கம் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கு ஃபைலைப் புது மெஷினிலிருந்து எப்படித் திறப்பது என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். லாரன்ஸ் ரோட்டில் நான் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கும் மொத்த வியாபாரக் கடையிலும் இதே தலைவலிதான். குடோன் தராசு ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் சீரியல் கேபிளில் தொங்குகிறது, கடையின் மொத்தக் கணக்கும் அதே பெட்டியில் ஒரே எம்டிபி ஃபைலாக (ஆக்ஸஸ் டேட்டாபேஸ்) இருக்கிறது. முதலாளி மகன் விண்டோஸ் 11 லேப்டாப் ஒன்று வாங்கி வந்தார். இணைப்பு இருக்கிறதா என்று பிங் அடித்தால் பதில் வருகிறது, ஷேர் ஃபோல்டர் மட்டும் திறப்பேனா என்கிறது.

நெட்வொர்க்கில் ஃபைல் பகிர எக்ஸ்பிக்குத் தெரிந்த பாஷை எஸ்எம்பி1 மட்டும்தான். 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் என்பது உனக்கு நினைவிருக்கும். அந்த வருஷக் கடைசியிலிருந்தே மைக்ரோசாஃப்ட் அதைக் கழற்ற ஆரம்பித்துவிட்டது, விண்டோஸ் 11-ல் நாமாகப் போட்டால்தான் உண்டு. யாரைக் கேட்டாலும் "விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல ஒரு டிக் போடு, ஓடும்" என்பார்கள். ஓடும்தான், ஆனால் பழசுக்காகப் புதுசைப் பலவீனமாக்குவது எனக்கு ஒப்பவில்லை. அதனால் அதே பெட்டியில் 32 பிட் விண்டோஸ் 7 ஏற்றினேன். அதற்கும் 2020-லேயே சப்போர்ட் முடிந்துவிட்டது, தெரியும். ஆனால் அடுத்து வந்த எஸ்எம்பி2 பேசும், தராசும் மறுபேச்சில்லாமல் எடை காட்டுகிறது. வெளியே போகும் வழியான கேட்வே முகவரியைக் காலியாக விட்டுவிட்டேன், இன்டர்நெட் பக்கம் போகாது.

அப்புறமும் லேப்டாப் விடவில்லை. "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை" கெஸ்ட்டாக, அதாவது பாஸ்வேர்ட் இல்லாமல், நுழைவதைத் தடுக்கிறதாம்! இந்தக் கடையில் கொள்கை வகுக்க முதலாளியையும் கணக்கப்பிள்ளையையும் விட்டால் யார் இருக்கிறார்கள்? பாஸ்வேர்ட் இல்லாத ஷேரைப் புது விண்டோஸ் ஏற்பதில்லை, சங்கதி அவ்வளவுதான். விண்டோஸ் 7-ல் பாஸ்வேர்டோடு ஒரு யூசர் உருவாக்கி, அதே பெயரில் லேப்டாப்பிலிருந்து உள்ளே போனேன், திறந்தது.

உன் இடத்தில் "ஃபைல் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று வருகிறதே, அதற்கு முதலில் ஃபோல்டரின் பெர்மிஷனைப் பார். எம்டிபியை யாராவது திறந்ததும் பக்கத்திலேயே அதே பெயரில் எல்டிபி என்று ஒரு குட்டி ஃபைல் முளைக்கும், கடைசி ஆள் மூடியதும் காணாமல் போகும். யார் யார் உள்ளே இருக்கிறார்கள், யார் எதைப் பூட்டியிருக்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கும். ஃபோல்டருக்கு வெறும் ரீட் (படிக்கும் அனுமதி) மட்டும் கொடுத்திருந்தால் அதை உருவாக்க முடியாது, முதலில் நுழைந்தவர் மொத்தத்தையும் தனக்கே பிடித்துக்கொள்வார். எம்டிபிக்கு மட்டும் கொடுத்தால் போதாது, ஃபோல்டருக்கே மாடிஃபை (எழுத, அழிக்க அனுமதி) கொடு. ஷேரிங் டேபிலும் செக்யூரிட்டி டேபிலும், இரண்டிலும்.

இன்னொன்று, உங்கள் புது மெஷினில் எக்ஸெல் 64 பிட் என்றால் எம்டிபியைப் படிக்கும் பழைய ஜெட் டிரைவர் ஒத்துவராது, அது 32 பிட்டில் மட்டும்தான் உண்டு. அதற்குப் பதிலாக வந்த ஏஸ் டிரைவர், 64 பிட்டில், வேண்டும்.

அடுத்து ஃபைலை லேப்டாப்புக்கே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன், அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கை நம்ப முடியவில்லை. லேப்டாப்பை முதலாளி மகன் சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுவார் என்பதுதான் இடைஞ்சல். நீ என்ன சொல்கிறாய்? பாண்டியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தால் உன்னிடம் இருக்கும் யுஎஸ்பி சீரியல் கன்வர்ட்டரையும் எடுத்து வா, தராசை லேப்டாப்பிலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

உன்
குமார்