எந்த மொழியில் பேசுவது என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும்

அன்புத் தங்கைக்கு,

குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் மனநல ஆலோசகராக வேலையைத் தொடங்கப் போகிறாய். கூச்சமில்லாமல் தரையில் உட்கார்ந்து விளையாடுவாய், இரண்டு மொழியும் சரளமாக வரும். இரண்டுமே பெரிய கொடுப்பினை. புதிதாக வருபவர்கள் சறுக்குவதும் இந்த இரண்டிலும்தான். பேச்சை வரவழைக்கும் தூண்டிலாக விளையாட்டைப் பயன்படுத்திவிடுகிறார்கள். மொழியைத் தாங்களே தேர்ந்துவிடுகிறார்கள்.

முதலில் அறை. பொம்மை நிறைய வேண்டாம், மூன்று வகை போதும். வீட்டு வாழ்க்கையைக் காட்டக் குடும்பப் பொம்மைகள், சொப்புச் சாமான், டாக்டர் செட். கோபத்தைக் கொட்ட முதலை, டைனோசர், குத்துவதற்கு ஒரு தலையணை. கைவேலைக்குக் களிமண், காகிதம், 8 நிறக் கிரையான். பேட்டரியில் தானாக ஆடிப் பாடுவது எதுவும் வேண்டாம். குழந்தை வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு பொம்மையும் வாராவாரம் அதே இடத்தில் இருக்கட்டும். போன வாரம் மணலில் புதைத்த முதலையைத் தேடி வரும் குழந்தைக்கு அது கிடைக்காவிட்டால் அன்றைய நேரம் பாதி போச்சு.

பொம்மை டெலிபோன் மட்டும் இரண்டு வாங்கு. முகம் பார்த்து வாய் திறக்காத பிள்ளைகூட போனில் பேசும். பாட்டிக்குப் போன் போடும்போது வீட்டு மொழியில் குழையும் குரல், டீச்சருக்குப் போடும்போது பள்ளி மொழியில் இறுகலாம். எந்த ஆளிடம் எந்த மொழி, எங்கே குரல் மாறியது என்று குறித்துவை.

மணல் தட்டுக்கு ஏறக்குறைய 72 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 7 செ.மீ. ஆழம் போதும். தலையைத் திருப்பாமல் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிற அளவு அது. உட்புறம் நீல வண்ணம் அடித்திருந்தால், மணலை விலக்கியதும் தண்ணீர் தெரியும். மணலையும் குட்டிப் பொம்மைகளையும் வைத்துக் குழந்தை மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்ட் 1929ல் லண்டனில் இப்படி வேலை செய்யத் தொடங்கியபோது, குழந்தைகளே அதற்கு வைத்த பெயர் ‘உலகம்’. அந்த உலகத்துக்கு மொழி தேவையில்லை. “இது யாரு, அப்பாவா?” என்று கேட்டுவிடாதே. “பெரிய யானை வாசல்ல நிக்குது” என்று கண்ணில் படுவதை மட்டும் சொல். குழந்தை போனபிறகு கலை. அதன் கண்முன்னே கலைக்காதே.

இனி மொழி. ரொம்பக் கஷ்டமான விஷயத்தைச் சில பிள்ளைகள் பள்ளி மொழியில்தான் சொல்வார்கள். அதில் வலி கொஞ்சம் தள்ளி நிற்கும், வெட்கம் குறையும். அந்த நேரத்தில், நெருக்கம் காட்டுவதாக நினைத்து நீ வீட்டு மொழிக்குத் தாவினால், பிள்ளை ஏறி நின்ற பாதுகாப்பான திண்ணையிலிருந்து அதை இறக்கிவிடுகிறாய். அது எந்த மொழியில் சொன்னதோ அதிலேயே பதில் சொல். வாரங்கள் கழித்து, “வீட்ல இதுக்கு என்ன வார்த்தை சொல்வீங்க?” என்று கேட்கலாம். குறிப்பேட்டிலும் சொன்ன சொல்லையே எழுது. “வயிறு எரியுது” என்றதை ‘கோபம்’ என்று மாற்றி எழுதினால், அது பொறாமையா, ஆற்றாமையா என்று பிறகு திரும்பிப் பார்க்க வழியே இருக்காது. மனநிலையை அளக்கும் வினாத்தாளையும் நீயாக அங்கேயே மொழிபெயர்த்துக் கேட்காதே. சரிபார்த்த மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் மதிப்பெண்ணுக்குப் பொருள் இல்லை.

குழந்தை உன்மேல் கை ஓங்கும்போது மூன்று வாக்கியம் போதும். “உனக்கு என்மேல கோபம். என்னை அடிக்கக் கூடாது. தலையணையை அடிக்கலாம்.” உணர்வு, எல்லை, மாற்றுவழி, இதே வரிசையில். ஆத்திரம் தலைக்கேறும்போது புதிதாகக் கற்ற மொழி எளிதில் கைவிட்டுவிடும். அதனால் எல்லையை மட்டும் குழந்தைக்கு நன்றாகப் பழகிய மொழியில் சொல்.

பேசாத குழந்தையைப் பார்த்ததும் பெயர் ஒட்டிவிடாதே. புதிய மொழிக்குள் வந்த பிள்ளை சில மாதம் கேட்டுக்கொண்டே மட்டும் இருப்பது இயல்பு. வீட்டில் கலகலவென்று பேசிவிட்டு, பள்ளியில் தெரிந்த மொழியிலும் வாய் திறக்காமல், பள்ளி சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் சேர்க்காமல் 1 மாதத்துக்கு மேல் போனால், அப்போது அது, சில இடங்களில் மட்டும் பேச முடியாமல் போகும் ‘தேர்ந்த மௌனமா’ (selective mutism) என்று பார். வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லும் அறிவுரையை மட்டும் எந்தப் பெற்றோருக்கும் கொடுத்துவிடாதே. இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பாது. அம்மாவோடு பேசும் மொழியைப் பறிப்பதுதான் காயம்.

பதின்ம வயதினரிடம் பொம்மையை நீட்டாதே. ஆளுக்கொரு கிறுக்கல் போட்டு, மற்றவர் அதை ஒரு படமாக்கும், குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வினிகாட்டின் விளையாட்டு அவர்களிடமும் எடுபடும். அவர்களுடைய கொச்சையை நீ பேசிக்காட்ட வேண்டாம். எது ரகசியமாக இருக்கும், எது இருக்காது என்பதை முதல் நாளே, பெற்றோரும் உட்கார்ந்திருக்கும்போது, இரண்டு மொழியிலும் சொல்லிவிடு. தனக்கோ பிறருக்கோ ஆபத்து, யாராவது துன்புறுத்துவது, இவை வெளியே போகும்.

சாவைப் பற்றிக் கேட்கும்போது சுற்றி வளைக்காதே. “தப்பா ஏதாவது யோசிக்கிறியா?” என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். “செத்துப் போகணும்னு தோணுதா?” என்று அமைதியாகக் கேள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் எப்படி, எதை வைத்து, எப்போது என்று கேள். தனியாக விடாதே, பொறுப்பான பெரியவரிடம் சொல்லி, நினைத்துவைத்த பொருள் கைக்கு எட்டாமல் செய், அன்றே மனநல மருத்துவரிடம் சேர்.

நேரம் முடிவதற்கு 5 நிமிடம் முன்பு ஒரு முறை, 1 நிமிடம் முன்பு ஒரு முறை சொல்லிவிடு. கதவைத் திறந்ததும் வெளியே அம்மா நிற்பார். அவருக்கு ஒரே மொழி தெரியும், நீ சொல்வதைப் பிள்ளை மொழிபெயர்க்கக் காத்திருக்கும். அதை ஒருநாளும் செய்யவிடாதே. அம்மாவின் மொழியில் நீயே பேசு. அந்த மொழி உனக்கு வராவிட்டால், சொந்தக்காரர் அல்லாத ஒரு மொழிபெயர்ப்பாளரோடு பெற்றோருக்கென்று தனி நேரம் வை. வாசலில், “அடுத்த வாரம் இதே நேரம், வாங்க” என்பது போதும்.

அன்புடன்,
அக்கா